பெரிய வகுப்பறையின் மேல்தளம்

பள்ளிக்கூடத்தை மூடி நாலு வருஷம் ஆகியும் அதைப் பற்றி யாருக்கும் ஒரு கவலையும் இருக்கவில்லை. புறாக்கள் குடியேறின. உடைந்த ஜன்னல் வழியாகப் பூனை புகுந்து குட்டி போட்டது. மதிலோரமாகப் போகிற ஆண்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் நகராட்சியிலிருந்து ஆள் வந்து, கட்டடத்தை என்ன செய்யலாம் என்று தெருக்காரர்களே கூடிப் பேசி எழுதிக் கொடுங்கள் என நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான், எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

வேன்காரர் அதை இடித்துத் தரைமட்டமாக்கி வண்டிகள் நிறுத்த இடம் பண்ண வேண்டும் என்றார். மளிகைக்கடைக்காரர் சரக்குக் கிடங்கு வேண்டும் என்றார். அதைச் சொல்வதற்குள் பொதுநலம் என்ற வார்த்தையை நாலு தடவை சொல்லிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஏழெட்டுப் பேர் படிப்பகம் கேட்டார்கள். வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் விரிக்க முடியவில்லை என்பதுதான் அவர்களுடைய உண்மையான குறை, அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற இந்த வழக்கு கடை சாத்துகிற வரைக்கும் நடந்தது. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

நாலாவதாக ஒரு கட்சியும் இருந்தது. அது மேஸ்திரியின் மகள்.

மேஸ்திரி என்றால் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் முன்னால் ஏதாவது ஓர் அடைமொழி சேர்க்க வேண்டியிருந்தது. அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒல்லி மனிதர். சிமென்ட் தின்ற விரல்கள், அதிகம் பேசாத வாய். வேலையில் படு கறார். "மேஸ்திரி கட்டின சுவத்துல ரசமட்டம் வச்சுப் பார்த்தா, அது ரசமட்டம் சரியா இருக்குதான்னு பார்க்கத்தான்" என்று டீக்கடைக்காரர் சொல்வார். இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியதும் அவர்தான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்த முதல் வேலை அது.

மகளுக்கும் வயது முப்பத்திரண்டு. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லையென்று ஆனதும், புருஷன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்து ஒரு மாதம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டின் முன்னறையைக் காலி பண்ணி, கட்டட வேலைக்குப் போகிற சித்தாள் பெண்களின் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். மூன்று பிள்ளைகள் பதினேழாகப் பெருகிவிட்டன. காலை ஏழு மணிக்குத் தாய்மார்கள் இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் போவார்கள். பாலும் ரொட்டியும், மத்தியானம் குழைந்த பருப்புச் சோறு, அப்புறம் வரிசையாகப் பாய். பிள்ளைகள் எல்லாம் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டன. தூக்கக் கலக்கத்தில் ஒன்றிரண்டு அம்மா என்றும் கூப்பிடும். அவள் திருத்த மாட்டாள்.

ஏன் சித்தாள் பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், எங்கள் அண்ணனை இப்படி யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இருந்திருப்பான் என்பாள். அவள் எட்டு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது, மூன்று வயது அண்ணன் ஒரு வேலையிடத்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போய்விட்டான். அம்மா அப்போது சித்தாள், அப்பாவோடு அதே இடத்தில் சட்டி தூக்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். எந்த வேலையிடம் என்று அவள் கேட்டதில்லை. வீட்டில் யாரும் சொன்னதுமில்லை.

இப்போது சுகாதாரத் துறை ஆள் வந்து முன்னறையை அளந்து பார்த்துவிட்டு, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பதினேழு பிள்ளைகளா, இந்த மாதக் கடைசிக்குள் பெரிய இடம் பார்க்காவிட்டால் சீல் வைத்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அவள் தேடாத இடமில்லை. பிள்ளைகள் என்றதுமே வீட்டுக்காரர்களுக்குச் சுவரில் கிறுக்கல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மிச்சமிருந்தது அவளும் சின்ன வயதில் படித்த அந்தப் பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறை ஒன்றுதான்.

அந்த வார்டு கவுன்சிலரம்மா நல்ல மாதிரி. மகள் போய்க் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தெருக்காரர்கள் சம்மதித்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். நகராட்சி இன்ஜினியர் ஒரு சின்னப் பையன், செல்போன் வெளிச்சத்தில் நாலு மூலையும் பார்த்துவிட்டு வெள்ளையடித்தால் போதும் என்று சொல்லியிருந்தான். "இருந்தாலும் கட்டினவர் ஒரு வார்த்தை சொல்லிடட்டும். மேஸ்திரி தாங்கும்னு சொன்னா அதுக்கு மேல ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க" என்று கவுன்சிலரம்மா சாவியை மகள் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் மகளும் போனார்கள். மழைக்கு முந்தைய புழுக்கம், காற்று நின்றுபோயிருந்தது. கதவு உப்பிப் போய் நகர மறுத்தது. தோள் கொடுத்துத் தள்ளியதும் புறாக்கள் படபடவென்று எழும்பின. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடு அறையில் போய் நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மேஸ்திரி ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. அப்பாவின் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, சாக்பீஸால் தரையில் கோடு கிழிக்க ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் படுக்கை, அந்தப் பக்கம் சாப்பாடு, செருப்பெல்லாம் வாசலோடு சரி. குழாயில் தண்ணீர் வருகிறதா பார்க்கிறேன் என்று பின்பக்கம் போனாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். அறையின் நடுவில், ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும், பழுப்பாக ஒரு கோடு ஓடியது. புதிதாகப் பார்ப்பவனுக்கு அது மழைத் தண்ணீர் கசிந்த கறை. அவருக்கு அது என்னவென்று தெரியும்.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுவதென்றால் காலையில் ஆரம்பித்து ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் போட்டது இறுகிவிடும், அடுத்துப் போடுவது அதனோடு ஒட்டாது. நிறுத்தும்படி ஆகிவிட்டால், இறுகிய ஓரத்தை உளியால் கொத்தி எடுத்து, கழுவி, சிமென்ட் பால் ஊற்றி, அப்புறம்தான் மேற்கொண்டு போட வேண்டும். வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆன ஆளுக்குக்கூட இது தெரியும்.

இந்தத் தளம் போட்ட அன்று பாதி அறை முடிந்திருந்தது. பதினோரு மணி இருக்கும். கைக்குழந்தை மரத்தடித் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பெரியவன் மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தான், அல்லது எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். மேலே சட்டியோடு நின்றிருந்த அவர் மனைவிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நடப்பதற்குப் போட்டிருந்த பலகையில் ஓடவில்லை. நனைந்த கான்கிரீட்டில் கால் புதையப் புதைய ஓடினாள்.

ஐந்தாம் நாள் அவர் திரும்பி வந்தார். மழை வருகிறது, நீ முடிக்காவிட்டால் வேறு ஆளை வைத்து முடிக்கிறேன் என்று கான்ட்ராக்டர் சொல்லி அனுப்பியிருந்தான். மேலே ஏறிப் பார்த்தால், இறுகிப்போன ஓரத்தில் அவளுடைய காலடிகள் நாலு. ஓடுகிறவளின் பாதம், விரல் பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. உளியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். ஆட்கள் கலவையோடு காத்துக்கொண்டிருந்தார்கள். கொத்தவில்லை. போடுங்கடா என்றார். அந்தக் காலடிகளின் மேலேயே புதிய கான்கிரீட் விழுந்தது.

அப்புறம் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அவராகவே வந்து, கூலி வாங்காமல், மேலே ஏறி அந்தக் கோட்டைப் பூசிவிட்டுப் போவார். கீழேயும் ஒரு பூச்சு. பள்ளிக்கூடத்தின் மேல் மேஸ்திரிக்கு இருக்கிற அக்கறையைப் பாருங்கள் என்று ஆண்டு விழாவில் ஹெட்மாஸ்டர் அவரை மேடையேற்றிப் பிள்ளைகளைக் கை தட்டச் சொன்னார். பள்ளிக்கூடத்தைப் பூட்டிய பிறகு மேலே ஏற வழியில்லாமல் போயிற்று. நாலு மழைத் தண்ணீரும் கோட்டுக்குள் இறங்கியிருந்தது.

மூலையில் கிடந்த நீளக் கம்பை எடுத்து மேலே தட்டினார். சுவரோரம் தட்டியபோது கல்லில் தட்டுகிற சத்தம். கோட்டுக்குக் கிட்ட வர வர அது பொத் பொத்தென்று மாறியது. ஒரு பெஞ்சைப் போட்டு ஏறி, ஆணியால் சுரண்டினார். பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்திலிருந்து துருப்பொடி அவர் கண்ணிலும் மீசையிலும் கொட்டியது.

மகள் ஈரக் கையோடு உள்ளே வந்தாள். வந்து நேராக அந்தக் கோட்டுக்கு அடியில் நின்றாள்.

"தண்ணி நல்லா வருதுப்பா. என்ன, பூச்சு கொட்டிடுச்சா? பழைய பூச்சுதானே, வேற பூசிக்கலாம்."

"நீ இந்தப் பக்கம் வா."

"தாங்கும்ல?"

"இந்தப் பக்கம் வாம்மா முதல்ல."

வந்தாள். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, மேலே ஏறிப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றார். அப்பா எதையும் உடனே சொல்கிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சாக்பீஸ் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மகள் பால் பாக்கெட் வாங்கப் போயிருந்தாள். மனைவி அடுப்படியில் உட்கார்ந்து பருப்புச் சட்டியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருஷமாக அவள் பள்ளிக்கூடத் தெருவில் கால் வைத்ததில்லை. மார்க்கெட்டுக்குப் போவதென்றால் சுற்று வழியில் இரட்டைத் தூரம் நடப்பாள். அந்தப் பக்கம் நாய்த் தொல்லை என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். அம்மாவுக்குத் தன் யோசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மகளுக்கு ஒரு மனத்தாங்கல்.

அவர் வாசற்படியில் வந்து உட்கார்ந்ததும் அவளாகவே கேட்டாள்.

"தொட்டி இருந்த இடம் இருக்குதா?"

"மண்ணு போட்டு மூடியாச்சு. செடி மண்டிக் கிடக்கு."

அவள் கொஞ்ச நேரம் தேய்த்தாள். "நம்ம பையன் போனது அங்கதான்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அங்க போக மாட்டா. போகட்டும். எம்புள்ளைய பார்க்க ஆளில்லாமப் போன இடத்துல, பதினேழு பிள்ளைய ஒருத்தி கண்கொட்டாம பார்த்துக்கிட்டு இருக்கட்டும். அது ஒண்ணு போதும் எனக்கு. நானும் வர்றேன்னு இருக்கேன், ஒத்தாசைக்கு."

அவள் அந்தத் தெருவுக்கு வருகிறேன் என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. இனிமேல் மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று தோன்றிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நிறுத்திய இடத்தைக் கொத்தாமல் போட்டதை, வருஷா வருஷம் பூசியதை, நேற்றுக் கொட்டிய துருவை. அவள் நார் பிடித்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் கொத்தல?" என்றாள்.

"உன் காலு பதிஞ்சிருந்துச்சு. நீ ஓடினே பாரு, அந்தக் காலடி. நாலு. அதுல உளி வைக்க எனக்குக் கை வரல."

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அழவில்லை.

"என் காலடிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? நான்தான் உசுரோட இருந்தேனே. உங்க பக்கத்துலதானே இருந்தேன். போனவன் அவன்."

தூங்குகிற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ரூம்ல வருஷத்துக்கு எத்தனை பிள்ளைங்க உட்கார்ந்திருக்கும்?"

"நாப்பது."

"கொத்தியிருக்கணுங்க."

உள்ளே ஒரு பிள்ளை தூக்கத்தில் சிணுங்கியது. அவள் எழுந்து போய்த் தட்டிக் கொடுத்தாள். தட்டிக்கொண்டே, அங்கிருந்தபடியே சொன்னாள். "நாளைக்குக் கூட்டத்துல சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் வந்து சொல்லுவேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம். நாற்காலிகள் வேன்காரர் உபயம். அதை அவர் மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொன்னார். மளிகைக்கடைக்காரர் எழுதி வைத்துப் பேசினார், காற்றில் ஒரு தாள் பறந்துவிட, பொதுநலத்திலிருந்து நேராக நன்றியுரைக்கு வந்துவிட்டார். படிப்பகக்காரர்களில் மூத்தவர், இந்தத் தலைமுறை படிப்பதே இல்லை என்று அரை மணி நேரம் வருத்தப்பட்டார். கேட்டவர்கள் கொட்டாவி விட்டு அதை உண்மையாக்கினார்கள்.

பிறகு சித்தாள் பெண்கள் எழுந்தார்கள். இருபது பேர் இருக்கும். பேசிப் பழக்கமில்லாதவர்கள், ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வாயைத் திறந்தாள். "இந்தத் தெருவுல பாதி வீடு நாங்க சட்டி தூக்கிக் கட்டினது. எங்க பிள்ளைங்களக் கீழ இறக்கி வைக்க மட்டும் ஒரு இடமில்ல. பெரியம்மாகிட்ட விட்டுட்டுப் போனா நாங்க திரும்பிப் பார்க்காம வேலை செய்வோம். அவ்வளவுதான் சொல்லத் தெரியும்."

வேன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைகளுக்கு என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை என்றார். மளிகைக்கடைக்காரரும் தலையாட்டினார். அந்தத் தெரு ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டு அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. கவுன்சிலரம்மா தாளை எடுத்து எழுதத் தயாராக வைத்துக்கொண்டு, மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது என்றாள். முன்வரிசையில் ஒரு பிள்ளையை மடியில் வைத்திருந்த மகள் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மேஸ்திரி எழுந்தார்.

"தாங்காது" என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. டீக்கடைக்காரர், நீங்கள் போட்ட தளமா தாங்காது என்று சிரித்தார்.

"நான் போட்டதுதான் தாங்காது. பெரிய ரூம் மேல்தளம் ஒரே நாள்ல போட்டதில்ல. பாதியில நின்னு, அஞ்சாம் நாள் மீதியைப் போட்டேன். நின்ன இடத்தைக் கொத்திக் கழுவாமப் போட்டேன். தப்புன்னு தெரிஞ்சே போட்டேன். வருஷா வருஷம் நான் வந்து பூசினது அக்கறையில இல்ல, பயத்துல. இப்ப உள்ள கம்பி துருவாப் போச்சு. இந்த மழையில விழலாம், அடுத்த மழையில விழலாம். அதுக்கு அடியில யாரும் போகாதீங்க."

ஒட்டுப் போட்டுச் சரி பண்ண முடியாதா என்று கவுன்சிலரம்மா கேட்டாள். முடியாது, முழுக்க இறக்கியாக வேண்டும் என்றார். டீக்கடைக்காரர் இப்போது சிரிக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் அந்த அறையில் படித்தவர்கள்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

"எங்க பையன் இங்கதான் தண்ணித் தொட்டியில கிடந்தான். அதனால நின்னுச்சு."

கேட் பக்கமிருந்து வந்தது குரல். எல்லோரும் திரும்பினார்கள். அவர் மனைவி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேகமாக வந்தவள்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. சொல்லிவிட்டு, செடி மண்டியிருந்த மூலையை ஒரு தடவை பார்த்தாள். திரும்பி நடந்தாள். மகள் மடியிலிருந்த பிள்ளையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அம்மாவின் பின்னால் ஓடினாள். அப்பாவைத் தாண்டித்தான் ஓடினாள்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கினார்கள். கவுன்சிலரம்மா தாளில் வேறு வாசகம் எழுதினாள்.

பத்து நாளில் இயந்திரம் வந்தது. இரண்டே நாளில் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் வேன்கள் நின்றன. புதிதாகக் கட்டித் தருவதைப் பற்றி நகராட்சி யோசிக்கும் என்று கவுன்சிலரம்மா சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாதக் கடைசி வந்தது. சொன்னபடி ஆள் வந்து, முன்னறையில் பிள்ளைகள் வைக்கக் கூடாது என்று தாள் ஒட்டினான். கடைசி நாள் சாயங்காலம் தாய்மார்கள் வந்து தூக்கிப் போனபோது, நாளைக்கும் வரப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் வழக்கம்போலக் கையாட்டின. மகள் பதினேழு பாய்களையும் துவைத்து, காயப்போட்டு, மடித்து அடுக்கினாள். பாயை அடுக்கிய பிறகுதான் உடைந்தாள். அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டீக்கடையில் மேஸ்திரிக்கு டீ வந்தது. முன்பெல்லாம் டீக்கடைக்காரர் கையில் கொடுப்பார். இப்போது பெஞ்சில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். பிள்ளைகள் தாய்மாரோடு வேலையிடங்களுக்குப் போக ஆரம்பித்தன. மேஸ்திரியின் வேலைக்கும் நாலு பிள்ளைகள் வந்தன. அவர் சாரத்தில் ஏறி நின்று பூசுவார், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்து எண்ணுவார். நாலு இல்லையென்றால் இறங்கிவிடுவார்.

கூட்டம் நடந்த நாளிலிருந்தே மகள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. பையன் போன இடத்தை மறைத்ததற்குத்தான் கோபம், போகப் போகச் சரியாகும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முன்னறையை மூடிய ஒன்பதாம் நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரின் முன்னால் வந்து நின்றாள்.

"மூணாங்கிளாஸ் முதல் நாள் நீங்க ஸ்கூலுக்கு வந்து டீச்சர்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்குதாப்பா?"

அவர் நிமிரவில்லை.

"பாப்பாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், ஜன்னல் ஓரமா உட்கார வைங்கன்னீங்க. பெரிய ரூம்ல இருந்த மூணு வருஷமும் எனக்கு அந்த இடம்தான். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. இன்னிக்கு வரைக்கும் நான் கண்ணாடி போட்டதில்ல."

"அம்மாடி..."

"டீக்கடை மாமா பொண்ணு என் கூடப் படிச்சா. ஜன்னல் பக்கம் இடம் மாத்திக்கலாமான்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருப்பா. நான் விட மாட்டேன். எங்கப்பா எனக்குன்னு கேட்டு வாங்கின இடம்னு பெருமை எனக்கு. அவ நடுவுலதான் உட்கார்ந்தா."

தெருவில் தண்ணீர் லாரி போயிற்று. அது போகும் வரைக்கும் காத்திருந்தாள்.

"அண்ணன் போனதுல உங்களுக்குக் கை வரலையாம். அம்மா சொன்னா. அது எனக்குப் புரியுது. அழுதேன். ஆனா ஜன்னல் பக்கம் கேக்கறதுக்கு உங்களுக்கு வாய் வந்துச்சே."

அவர் ஒரு செருப்போடு உட்கார்ந்திருந்தார். இருந்த ஒரு பிள்ளையும் போய்விடக் கூடாது என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அதை யார் முகத்தைப் பார்த்துச் சொல்வார்?

"நாளையிலேர்ந்து நான் வேலையிடத்துக்கே போறேன். எங்க பிள்ளைங்க இருக்குதோ அங்க பாய் போட்டு உட்கார்ந்துக்கறேன். மத்த மேஸ்திரிங்ககிட்டப் பேசிட்டேன், சரின்னுட்டாங்க. உங்க இடத்துக்கு மட்டும் வர மாட்டேன்."

"ஏம்மா?"

"கோவத்துல சொல்லலப்பா. நீங்க கட்டுறதுக்கு அடியில பிள்ளைங்கள உட்கார வைக்க எனக்கு மனசு வராது."

திங்கட்கிழமை அவருடைய வேலையிடத்தில் மேல்தளம் போடும் நாள். பன்னிரண்டு சித்தாள் வேண்டும், ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆறு பேரும் பிள்ளை வளர்ந்தவர்கள், அல்லது பிள்ளை இல்லாதவர்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். பெரியம்மா பாய் போட்டிருக்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் ஒருத்தி சட்டியை எடுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி சாரத்தில் ஏறினார். பழக்கத்தில் கீழே எட்டிப் பார்த்தார். மணல் குவியல் தட்டையாகக் கிடந்தது. மரத்தடியில் தொட்டில் இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு வேலையிடத்திலும் அவர் வேண்டிக்கொண்டது இதுதான், கீழே ஒரு பிள்ளையும் இருக்கக் கூடாது என்று. முதல் சட்டி கைக்கு வந்தது. வாங்கிக் கொட்டினார். அடுத்த சட்டிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.